அத்தியாயம் 7: தலைக்கணக்கு முதலில், பணக்கணக்கு பிறகு
(துணையை அமெரிக்காவுக்கு அழைக்க வருமானம் காட்டும் முறை)

பொதட்டூர்பேட்டையில் வரன் பேசும்போது "மாப்பிள்ளைக்கு அங்கே என்ன சம்பளம்?" என்று கேட்பார்கள். விசா அதிகாரியும் சம்பளம் கேட்பார், ஆனால் அது இரண்டாவது கேள்வி. அந்தச் சம்பளத்தில் எத்தனை பேர் சாப்பிட வேண்டியிருக்கிறது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பாவில் எத்தனை இழை என்று எண்ணாமல் எந்தத் தறிக்காரரும் அச்சில் கோர்க்க உட்கார மாட்டார். இங்கேயும் அப்படித்தான். திரும்பி வரும் விண்ணப்பங்களில் பல, சம்பளம் போதாமல் திரும்புவதில்லை. ஆள் எண்ணிக்கை தப்பாக இருந்திருக்கும், அல்லது தப்பான காகிதம் போயிருக்கும்.

திருமணப் பதிவு, ஐ-130 மனு ஆகியவற்றை முந்தைய அத்தியாயங்களில் பார்த்துவிட்டோம். இந்த அத்தியாயம் வருமானத்தை மட்டும் பேசுகிறது.

முதலில், இது உங்களுக்கான அத்தியாயமா?

"அமெரிக்காவில் இருக்கிறார்" என்பது ஒரு பதில் ஆகாது. எந்த அந்தஸ்தில் இருக்கிறார் என்று கேளுங்கள்.

1. குடியுரிமை பெற்றவர்: துணைக்குக் குடியேற்ற விசா கேட்கலாம். எண்ணிக்கை வரம்பு கிடையாது, வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த அத்தியாயம் உங்களுக்கு.
2. கிரீன் கார்டு வைத்திருப்பவர்: இவரும் கேட்கலாம். ஆனால் 'எஃப்-2ஏ' என்ற வரிசையில் நிற்க வேண்டும். வருமான விதி ஏறக்குறைய அதேதான். ஓர் இடத்தில் மட்டும் கடுமை கூடுதல், அதை 'சொத்து' பகுதியில் பாருங்கள்.
3. ஹெச்-1பி விசாவில் வேலை பார்ப்பவர்: துணைக்குக் கிடைப்பது ஹெச்-4. அது குடியேற்ற விசா அல்ல. நான் கீழே சொல்லும் படிவம் எதுவும் வேண்டாம். புத்தகத்தை மூடிவிட்டுக் கல்யாண வேலையைப் பாருங்கள்.

நிச்சயதார்த்தம் மட்டும் முடிந்த நிலையில் போகும் கே-1 விசாவுக்குப் படிவம் வேறு (ஐ-134), அளவும் வேறு. அதை இதனோடு குழப்பிக்கொண்டு ஐ-134-ஐ நிரப்பி அனுப்பியவர்கள் உண்டு. கல்யாணம் முடிந்துவிட்டால் உங்கள் படிவம் ஐ-864. தமிழில் 'ஆதரவு உறுதிப் பத்திரம்' என்று சொல்லலாம். 1996-இல் வந்த குடியேற்றச் சட்டத்தின்படி 1997 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஸ்பான்சர் செய்பவர் குடும்பத்தில் இன்னொருவர் சேர்ந்தாலும் அரசு உதவியை நம்பி நிற்க நேராது என்று எழுதிக் கையெழுத்திடும் ஒப்பந்தம் அது.

படி 1: தலைகளை எண்ணுங்கள்

ஒரு தாளை எடுத்து இந்த வரிசையில் எழுதுங்கள்.

1. ஸ்பான்சர் செய்பவர்: 1
2. வரவழைக்கப்படும் கணவர் அல்லது மனைவி: 1
3. அதே மனுவில் கூட வரும் பிள்ளைகள்
4. ஸ்பான்சருக்கு ஏற்கெனவே இருக்கும், 21 வயதுக்குக் கீழான, மணமாகாத பிள்ளைகள்
5. அவர் தன் வருமான வரிப் படிவத்தில் சார்ந்திருப்பவர் என்று காட்டிய மற்றவர்கள்
6. அவர் முன்பே ஐ-864-இல் கையெழுத்திட்டு வரவழைத்து, அந்தப் பொறுப்பு இன்னும் தீராமல் இருப்பவர்கள்

ஒருவரை இரண்டு முறை எண்ண வேண்டாம். மனைவி என்ற முறையில் ஒரு தடவை, விண்ணப்பதாரர் என்ற முறையில் ஒரு தடவை என்று எழுதி, இரண்டு பேர் குடும்பத்தை மூன்று பேராக்கிவிடுவார்கள். பிறகு வருமானம் போதவில்லையே என்று தலையில் கை வைத்துக்கொள்வார்கள்.

நம் குடும்பங்கள் அதிகம் சறுக்குவது ஆறாவது வரியில். நம் பிள்ளைகள் குடியுரிமை வாங்கியதும் முதல் வேலையாக அம்மா அப்பாவுக்கு கிரீன் கார்டு போடுகிறார்கள். கல்யாணம் அதற்குப் பிறகு. அப்பாவும் அம்மாவும் இப்போது திருத்தணியில் வந்து ஆறு மாதம் இருக்கலாம், அல்லது அக்கா வீட்டில் தனியாக இருக்கலாம். அது முக்கியமில்லை. மகன் போட்ட கையெழுத்தின் பொறுப்பு தீரவில்லை என்றால் இருவரும் கணக்கில் வருவார்கள். அப்போது குடும்பம் இரண்டு பேர் அல்ல, நான்கு பேர்.

அறையைப் பகிர்ந்துகொள்ளும் நண்பர்களை எண்ண வேண்டாம். ஊரில் இருக்கும் பெற்றோருக்கு மாதாமாதம் பணம் அனுப்புவதும், வரிப் படிவத்தில் அவர்களைக் காட்டாதவரை, கணக்கில் சேராது.

படி 2: எல்லைக்கோடு எங்கே?

அமெரிக்க அரசு ஆண்டுதோறும் வறுமை அளவு என்று ஒரு பட்டியல் வெளியிடும். அதில் 125 விழுக்காடு வருமானம் காட்ட வேண்டும். 2025-ஆம் ஆண்டுப் பட்டியலின்படி (அலாஸ்கா, ஹவாய் தவிர மற்ற மாநிலங்களுக்கு):

- 2 பேர்: ஆண்டுக்கு 26,437 டாலர்
- 3 பேர்: 33,312 டாலர்
- 4 பேர்: 40,187 டாலர்
- 5 பேர்: 47,062 டாலர்
- அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் 6,875 டாலர் கூட்டிக்கொள்ளுங்கள்

இதைக் கணக்குப் போடும் முறையைப் புரிந்துகொள்ளத்தான் கொடுத்திருக்கிறேன். நீங்கள் கையெழுத்திடும் நாளில் எந்த ஆண்டின் பட்டியல் நடப்பில் இருக்கிறதோ அதை 'ஐ-864பி' என்ற தாளில் பாருங்கள். குடியேற்றத் துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் தொகை கூடுதல். அமெரிக்கப் படையில் பணியில் இருப்பவர் தன் துணையை அழைத்தால் 100 விழுக்காடு காட்டினால் போதும்.

கோட்டைத் தொட்டால் போதும், ஆனால் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்காதீர்கள். நேர்காணல் வருவதற்குள் புது ஆண்டு பிறந்து பட்டியல் மாறியிருக்கும். சில நூறு டாலர் இடைவெளியில் நிற்பவர்கள் கீழே வரும் மாற்று வழிகளில் ஒன்றை இப்போதே தயார் செய்துகொள்வது நல்லது.

படி 3: எந்த வருமானம் செல்லும்?

அதிகாரி இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஒன்று, கடைசியாகத் தாக்கல் செய்த வரிப் படிவத்தில் உள்ள மொத்த வருமானம். இன்னொன்று, இந்த ஆண்டில் வரக்கூடிய வருமானம். அவருக்கு முக்கியம் இரண்டாவதுதான். முதலாவது அதற்குச் சாட்சி.

ஒரு உதாரணம். படிப்பு முடித்து சென்ற ஆண்டு செப்டம்பரில் வேலைக்குச் சேர்ந்த ஒரு குடிமகன். சென்ற ஆண்டு வரிப் படிவத்தில் 18,000 டாலர்தான் இருக்கும். இப்போதைய சம்பளம் ஆண்டுக்கு 60,000. இவருக்கு யார் உதவியும் தேவையில்லை. 'நடப்பு ஆண்டு வருமானம்' என்ற கட்டத்தில் 60,000 என்று எழுதி, நிறுவனத்தின் கடிதத்தையும் கடைசி ஆறு மாத ஊதியச் சீட்டுகளையும் இணைத்தால் போதும். பயந்துபோய் ஒரு தூரத்து உறவினரிடம் கையெழுத்து வாங்க ஓடுவதுதான் இங்கே நடக்கிறது.

நிறுவனக் கடிதத்தில் நான்கு விஷயங்கள் இருக்கட்டும்: சேர்ந்த தேதி, பதவி, முழுநேர வேலைதான் என்பது, ஆண்டுச் சம்பளம்.

சொந்தத் தொழில் செய்பவர்கள் கவனியுங்கள். டாக்சி ஓட்டுபவர், சிறு கடை வைத்திருப்பவர், இவர்களின் கையில் புரள்வது வேறு, வரிப் படிவத்தில் நிற்பது வேறு. வரியைக் குறைக்க எல்லாச் செலவையும் கழித்துவிட்டு 14,000 டாலர் லாபம் என்று காட்டியிருந்தால் விசாவுக்கும் 14,000தான். "கையில் 50,000 வந்ததே" என்று அதிகாரியிடம் சொன்னால், "அப்படியானால் வரித் துறைக்குச் சொன்னது பொய்யா?" என்றுதான் அவர் கேட்பார்.

செல்லாதவை:

- உணவு உதவி, மெடிகெய்ட் போன்ற, ஏழ்மையைப் பார்த்துத் தரும் அரசு உதவிகள். (ஓய்வூதியம், சமூகப் பாதுகாப்புத் தொகை செல்லும்.)
- ஊரில் பெண் வாங்கும் ஆசிரியைச் சம்பளம், மாப்பிள்ளையின் விசைத்தறி வருமானம். விமானம் ஏறியதும் அது நின்றுவிடும் அல்லவா? அங்கே போன பிறகும் அதே இடத்திலிருந்து தொடர்ந்து வரும் வருமானமாக இருக்க வேண்டும்.
- மாமனார் மாதாமாதம் அனுப்புவதாகச் சொல்லும் பணம்.

குடியுரிமை பெற்றவர் இப்போது சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு, துணையோடு சேர்ந்தே திரும்பிப் போகும் திட்டத்தில் இருந்தால் அவருக்கும் இதே சிக்கல். சென்னை வேலை முடிந்துவிடும் என்பதால் அந்தச் சம்பளம் கணக்கில் வராது. அமெரிக்காவில்தான் குடியிருக்கப் போகிறார் என்பதையும் அவர் தனியாக நிரூபிக்க வேண்டும்: அங்கே வேலைக்கான கடிதம், வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, நடப்பில் உள்ள வங்கிக் கணக்கு போன்றவை.

படி 4: வரித் தாள்களைச் சேர்த்தல்

1. கடைசி ஆண்டுக்கான வரித் தாக்கல் நகலை, அதாவது 'டாக்ஸ் ரிட்டர்ன் டிரான்ஸ்கிரிப்ட்' என்ற தாளை, அமெரிக்க வரித் துறையின் (ஐஆர்எஸ்) தளத்தில் எடுங்கள். கட்டணம் கிடையாது. 'அக்கவுண்ட் டிரான்ஸ்கிரிப்ட்' என்பது வேறு, அதை எடுத்து அனுப்பாதீர்கள்.
2. டிரான்ஸ்கிரிப்ட் இல்லாமல் 1040 என்ற வருமான வரிப் படிவத்தின் நகலைக் கொடுத்தால் அதனுடைய எல்லா இணைப்புகளும், நிறுவனம் தரும் டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளத் தாள்களும் சேர வேண்டும். டிரான்ஸ்கிரிப்டே சுலபம்.
3. ஓர் ஆண்டு போதும். வருமானம் ஏறி வருகிறது என்று காட்ட வேண்டுமானால் மூன்று ஆண்டுகள் கொடுக்கலாம். மாநில வரித் தாள் வேண்டாம்.
4. வருமானம் குறைவு என்பதால் தாக்கல் செய்ய வேண்டிய கட்டாயமே இருந்திருக்கவில்லை என்றால், அதைக் காரணத்தோடு எழுதிக் கையெழுத்திட்டு இணையுங்கள். ஆனால் வெளிநாட்டில் சம்பாதித்ததால் தாக்கல் செய்யவில்லை என்பது காரணமாகாது. அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டுகாரர்களும் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவில் தாக்கல் செய்ய வேண்டும். விட்டுப்போனதை முதலில் தாக்கல் செய்துவிட்டு வாருங்கள்.

> கவனம்: ஆவணிக் கல்யாணமா, தைக் கல்யாணமா?
> அமெரிக்க வரி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பர் 31-இல் முடிகிறது. அன்றைக்குத் திருமணமானவரா என்பதே கேள்வி. 2025 ஆவணியில் தாலி கட்டியவர், 2025-க்கான வரியை 'மணமாகாதவர்' என்று தாக்கல் செய்யக் கூடாது. மனைவி ஊரில்தானே இருக்கிறார் என்று பலர் பழைய பழக்கத்தில் அப்படியே போட்டுவிடுகிறார்கள். நேர்காணலில் அதிகாரியின் கண் முதலில் போய் நிற்கும் இடம் அது. கல்யாணம் உண்மைதானா என்ற சந்தேகம் வரை போகும். தவறியிருந்தால் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் தாக்கல் செய்து அதன் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். 2026 தையில் கல்யாணம் என்றால் 2025-க்கு 'மணமாகாதவர்' என்பது சரியே.

படி 5: குறைந்தால் என்ன செய்வது?

மூன்று வழிகள் இருக்கின்றன. நான் சொல்லும் வரிசையிலேயே முயன்று பாருங்கள். மூன்றாவதைக் கடைசியில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு.

*(அ) ஒரே கூரையில் இருப்பவர்.* ஸ்பான்சருடன் ஒரே வீட்டில் வசிக்கும் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர், வயது வந்த பிள்ளை தன் வருமானத்தைச் சேர்த்துக் காட்டலாம். அவர் ஐ-864ஏ என்ற படிவத்தில் கையெழுத்திட்டு, தன் வரித் தாளையும் உறவுக்கான ஆதாரத்தையும் அதே முகவரியில் இருப்பதற்கான ஆதாரத்தையும் தர வேண்டும். இரண்டு தெரு தள்ளி இருக்கும் அண்ணன் இதில் வர மாட்டார்.

*(ஆ) சொத்து.* இங்கேதான் பெருக்கல் கணக்கு வருகிறது. குடிமகனின் துணை என்றால், குறைகிற தொகையைப் போல 3 மடங்கு சொத்து காட்ட வேண்டும். கிரீன் கார்டுகாரரின் துணை என்றால் 5 மடங்கு.

இரண்டு பேர் குடும்பம், வருமானம் 20,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். தேவை 26,437. குறைவு 6,437. குடிமகனாக இருந்தால் 19,311 டாலர் சொத்து போதும். கிரீன் கார்டுகாரர் 32,185 டாலர் காட்ட வேண்டும்.

சொத்து ஸ்பான்சருடையதாக இருக்கலாம், வரப்போகும் மனைவி அல்லது கணவர் பெயரில் இந்தியாவில் இருப்பதாகவும் இருக்கலாம். இது பலருக்குத் தெரியாது. நிபந்தனை ஒன்றுதான்: பன்னிரண்டு மாதத்துக்குள் பணமாக்கி எடுத்துப் போகக்கூடியதாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஒரே ஒரு கார் இருந்தால் அதைக் காட்ட முடியாது. இரண்டு இருந்தால் ஒன்றைக் காட்டலாம். வீட்டைக் காட்டினால் கடன் போக மிஞ்சும் மதிப்பைத்தான் எழுத வேண்டும்.

பொதட்டூர்பேட்டையில் பெண்ணின் பெயரில் ஒரு மனையோ வீடோ இருந்து அதைக் காட்டுவதாக இருந்தால் இந்த வரிசையில் போங்கள்:

1. பதிவு செய்த பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தாத்தா கட்டிய வீடு, முன்புறம் குடியிருப்பு, பின்புறம் தறிக்கூடம், நான்கு பங்காளிகள், பாகப்பிரிவினை ஆகவில்லை என்றால் அதைத் தொடாதீர்கள். பணமாக்க முடியாத சொத்து அது. பாகம் பிரித்துப் பதிவான பங்கை மட்டும் காட்டுங்கள்.
2. பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுங்கள். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ அடமானம் இருந்தால் அதில் தெரிந்துவிடும். கடனைக் கழித்துக்கொள்ளுங்கள்.
3. பட்டா நகல் எடுங்கள். பெயர் பத்திரத்தில் இனிஷியலோடும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடும் இருந்தால், இருவரும் ஒருவரே என்பதற்கு ஓர் உறுதிமொழிப் பத்திரம் சேருங்கள்.
4. அங்கீகாரம் பெற்ற சொத்து மதிப்பீட்டாளரிடம் மதிப்பீட்டு அறிக்கை வாங்குங்கள். அரசு வழிகாட்டி மதிப்பு ஒன்று, ஊரில் விற்கும் விலை ஒன்று என்று இருக்கும். அறிக்கையில் எதை வைத்து மதிப்பிட்டார் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும்.
5. தமிழிலோ தெலுங்கிலோ உள்ள தாள்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணையுங்கள். மொழிபெயர்த்தவர் தனக்கு இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். நகரிப் பக்கத்திலிருந்து பெண் எடுத்த வீடுகளில் தெலுங்குத் தாள் வருவது சகஜம்.
6. பணத்தை வெளியே கொண்டுபோக முடியுமா என்று ஒரு வரியில் விளக்குங்கள். இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். வெளிநாடுவாழ் இந்தியர் தன் என்ஆர்ஓ கணக்கிலிருந்து, வரி கட்டிய பிறகு, நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை எடுத்துப் போகலாம்.

வங்கிச் சேமிப்பு என்றால் பன்னிரண்டு மாத அறிக்கை கொடுங்கள். நேற்று வந்து விழுந்த பெரிய தொகை எந்த அதிகாரியின் கண்ணுக்கும் தப்பாது. கைமாற்று வாங்கிக் கணக்கில் போட்டு, நகல் எடுத்ததும் திருப்பிக் கொடுப்பது நம் ஊரில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. இங்கே அதைச் செய்யாதீர்கள். தவறான தகவல் என்று முடிவானால் வரப்போகிறவருக்கு நிரந்தரத் தடை வரை போகலாம். கையெழுத்திட்டவர் பொய்ச் சத்தியம் செய்தவராவார்.

*(இ) கூட்டு ஸ்பான்சர்.* வருமானம் உள்ள இன்னொருவர் தனியாக ஒரு ஐ-864 போடுவது. அவர் 18 வயது நிரம்பிய குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருந்து, அமெரிக்காவில் வசிக்க வேண்டும். உறவினராக இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் தன் குடும்பத்து ஆட்களோடு உங்கள் துணையையும் கூட்டி, அந்த எண்ணிக்கைக்கான 125 விழுக்காட்டைத் தனியாளாக எட்ட வேண்டும். உங்கள் 15,000-ஐயும் அவருடைய 20,000-ஐயும் கூட்ட முடியாது. ஐ-864ஏ-வில் கூட்டலாம், இதில் முடியாது. இந்த வேறுபாட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கூட்டு ஸ்பான்சர் கிடைத்துவிட்டார் என்று மனு போட்ட கணவர் ஒதுங்கிவிட முடியாது. வருமானம் பூஜ்யமாக இருந்தாலும் அவருடைய ஐ-864 முதலில் போக வேண்டும்.

"மாமா, ஒரு கையெழுத்துதானே!"

கூட்டு ஸ்பான்சரைக் கடைசியில் வைத்ததற்கான காரணம் இது. நம் ஊர்க்காரர்களுக்கு ஜாமீன் கையெழுத்து என்றால் என்னவென்று தெரியும். தறிக் கடனுக்கு ஜாமீன் போட்டுவிட்டு ஜப்தி நோட்டீஸைக் கையில் வாங்கிய வீடுகள் தெருவுக்கு ஒன்றிருக்கும். ஆனால் கடன் ஜாமீன், கடன் அடைந்ததும் தீர்ந்துவிடும். ஐ-864 கையெழுத்து எப்போது தீரும்? வந்தவர் குடியுரிமை பெற வேண்டும், அல்லது அவர் கணக்கில் 40 காலாண்டு வேலை (சுமார் பத்து ஆண்டுகள்) சேர வேண்டும், அல்லது அவர் கிரீன் கார்டை விட்டு நாட்டைவிட்டே போக வேண்டும், அல்லது கையெழுத்திட்டவரோ வந்தவரோ இறக்க வேண்டும். விவாகரத்து ஆனாலும் தீராது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் நம்புவதில்லை.

வந்தவர் ஏழ்மையை வைத்துத் தரப்படும் அரசு உதவியை வாங்கினால் கொடுத்த அமைப்பு கையெழுத்திட்டவரிடம் அதைத் திருப்பிக் கேட்கலாம். வந்தவரே வழக்குப் போட்டு ஆதரவுத் தொகை கேட்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. முகவரி மாறினால் 30 நாளுக்குள் ஐ-865 படிவத்தில் தெரிவிக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம்.

ஆகவே டெக்சாஸில் இருக்கும் சித்தப்பாவிடம் கேட்கும்போது படிவத்தின் விளக்கத் தாளையும் சேர்த்து அனுப்புங்கள். படித்துவிட்டு "யோசித்துச் சொல்கிறேன், ராஜா" என்றால் அவர் மேல் கோபப்படாதீர்கள். சித்தியிடமும் கேட்கச் சொல்லுங்கள். பின்னால் சித்தி வழியாகத்தான் சண்டை வரும்.

படி 6: பதிவேற்றம்

ஐ-130 ஒப்புதலானதும் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும். (எல்லோரும் 'என்விசி' என்றுதான் சொல்வார்கள்.) அங்கே ஐ-864-ஐச் சரிபார்க்க 120 டாலர் கட்டணம். அதைச் செலுத்தியதும் தளத்தில் கட்டங்கள் திறக்கும். ஏற்றும் முன் இந்தத் தவறுகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். நான் பார்த்த திருப்பி அனுப்பல்களில் பெரும்பாலானவை இவைதான்.

1. கையெழுத்து இல்லை, அல்லது பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு அதையே கையெழுத்து என்று விட்டிருக்கிறார்கள். பேனாவில் போட்டு ஸ்கேன் செய்யுங்கள். நோட்டரி முத்திரை தேவையில்லை.
2. பழைய பதிப்புப் படிவம். பக்கத்தின் அடியில் தேதி இருக்கும், தளத்தில் உள்ள தேதியோடு ஒப்பிடுங்கள்.
3. குடும்ப எண்ணிக்கைக் கட்டத்தைக் கூட்டாமல் விட்டது.
4. நடப்பு வருமானக் கட்டத்தில் மாதச் சம்பளத்தை எழுதியது. ஆண்டுத் தொகை எழுதுங்கள்.
5. கூட்டு ஸ்பான்சரின் பாஸ்போர்ட் அல்லது கிரீன் கார்டு நகல் இல்லை. கிரீன் கார்டுக்கு இரண்டு பக்கமும் வேண்டும்.
6. வெற்றுப் பக்கம்தானே என்று சில பக்கங்களை ஸ்கேன் செய்யாமல் விட்டது.

ஒரே ஒருவரை மட்டும் அழைத்து, டபிள்யூ-2 சம்பளத்தை மட்டுமே காட்டுபவருக்கு ஐ-864இஇசட் என்ற சுருக்கப் படிவம் உண்டு. பொருந்தினால் அதையே எடுங்கள்.

> பாதுகாப்பு
> வழக்கு எண்ணையும் அதனோடு வரும் கட்டணச் சீட்டு எண்ணையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். அந்த இரண்டும் இருந்தால் உங்கள் கோப்பையே திறந்துவிடலாம். படிவங்கள் எல்லாம் இலவசம். உண்மையான தளமும் மின்னஞ்சலும் 'டாட் கவ்' என்று முடியும். "கூட்டு ஸ்பான்சர் நானே ஏற்பாடு செய்கிறேன், இத்தனை லட்சம்" என்று யாராவது சொன்னால் டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். முகம் தெரியாத ஒருவர் காசுக்காகப் போடும் கையெழுத்தை அதிகாரி எளிதில் நம்ப மாட்டார், மோசடி என்று முடிவானால் மாட்டுவது உங்கள் வீட்டுப் பெண்.

லண்டன், டொராண்டோ சம்பந்தமாக இருந்தால்

பிரிட்டனில் தலைக்கணக்கே கிடையாது. 2024 ஏப்ரல் 11 முதல் துணைக்கு ஆண்டுக்கு 29,000 பவுண்ட் வருமானம் காட்ட வேண்டும். அதற்கு முன்பு, 2012 முதல், 18,600 ஆக இருந்தது. ஒரே நிறுவனத்தில் ஆறு மாதம் வேலை பார்த்து, அந்த ஆறு மாத ஊதியச் சீட்டும் வங்கி அறிக்கையும் காசு காசாகப் பொருந்தியிருந்தால் வழி சுலபம். சம்பளமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவது என்றால் 88,500 பவுண்ட், அதுவும் ஆறு மாதம் கையில் இருந்திருக்க வேண்டும். கூட்டு ஸ்பான்சர் என்ற ஏற்பாடு அங்கே இல்லை. இங்கிருந்து போகும் துணையின் இந்தியச் சம்பளமும் செல்லாது.

கனடாவில் துணையை அழைக்கப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான அளவே கிடையாது. அரசு உதவி வாங்கிக்கொண்டிருப்பவர் அழைக்க முடியாது (மாற்றுத்திறனாளி உதவி விதிவிலக்கு). மூன்று ஆண்டு ஆதரவுக்கு உறுதிமொழி எழுதித்தர வேண்டும். கியூபெக்குக்குத் தனி விதிகள்.

படி 7: மும்பைக்குக் கிளம்புமுன்

சென்னை ஜெமினி மேம்பாலத்து அமெரிக்கத் துணைத் தூதரகத்தை நினைத்துக்கொண்டு, திருத்தணியில் ரயில் ஏறினால் ஆயிற்று என்று இருந்துவிடாதீர்கள். குடும்ப வழிக் குடியேற்ற விசாவுக்கான நேர்காணல் மும்பையில் நடக்கிறது. அழைப்புக் கடிதத்தில் எந்த ஊர் என்று பார்த்து டிக்கெட் போடுங்கள்.

என்விசி எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டுவிட்டாலும் அதிகாரி புதிதாகப் பார்ப்பார். இடையில் ஏப்ரல் 15 கடந்திருந்தால் புது ஆண்டின் வரி டிரான்ஸ்கிரிப்டையும், ஒரு மாதத்துக்குள் எழுதிய நிறுவனக் கடிதத்தையும், கடைசி ஊதியச் சீட்டுகளையும் ஒரு தனி உறையில் வையுங்கள். ஸ்பான்சர் வேலை மாறியிருந்தால் மறைக்காதீர்கள். புதுக் கடிதம் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது. கணவர் என்ன வேலை பார்க்கிறார், எங்கே, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், கூட்டு ஸ்பான்சர் உங்களுக்கு என்ன உறவு, அவர் ஏன் கையெழுத்துப் போட்டார் என்று கேட்பார்கள். போகிறவருக்கு இதற்கெல்லாம் பதில் தெரிந்திருக்க வேண்டும். "அவருக்குத்தான் தெரியும்" என்று சொல்லும் பெண்ணைப் பற்றி அதிகாரி வேறு விதமாக நினைப்பார்.

வருமானத் தாள் போதவில்லை என்றால் '221(ஜி)' என்று எழுதிய ஒரு சீட்டைக் கொடுப்பார்கள். அதைப் பார்த்து வாசலிலேயே அழுதுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது இறுதி மறுப்பு அல்ல, கேட்ட காகிதத்தைக் கொண்டுவா என்ற சீட்டு.

1. சீட்டில் என்ன குறி போட்டிருக்கிறது என்று வெளியே வந்து நிதானமாகப் படியுங்கள். புது வரித் தாளா, கூட்டு ஸ்பான்சரா?
2. கேட்டதை மட்டும், சொன்ன வழியில் அனுப்புங்கள். கேட்காத இருபது தாளைச் சேர்த்து அனுப்பினால் தாமதம்தான்.
3. ஓராண்டுக்குள் பதில் கொடுக்க வேண்டும். ஒன்றுமே செய்யாமல் ஓராண்டு போனால் மனுவே ரத்தாகி, மறுபடியும் ஐ-130-இலிருந்து தொடங்க நேரிடும்.
4. கூட்டு ஸ்பான்சர் கேட்டிருந்தால் அன்றே சித்தப்பாவுக்குப் போன் போடாதீர்கள். படி 1-க்குத் திரும்பிப் போய்த் தலைகளை மறுபடி எண்ணிப் பாருங்கள்.